பதினெட்டு லிட்டர் நல்ல தண்ணீர்

அவனுடைய அறையில் முப்பத்தாறு தண்ணீர் பாட்டில்கள் இருந்தன. கட்டிலுக்கு அடியில் பதினாலு, அலமாரியில் பன்னிரண்டு, மீதி ஜன்னல் ஓரத்தில். எல்லாம் வாய்வரை நிரம்பியவை. நாலு நாளைக்கு ஒரு தடவை பழைய தண்ணீரில் துணி துவைப்பான், தரை துடைப்பான், பிறகு பாட்டில்களைப் புதிதாக நிரப்பி வைப்பான். கீழே பட்டறை வைத்திருந்த முதலாளி, "மாடியில ஒட்டகம் ஏதும் வளர்க்கிறியாப்பா?" என்று கேலி செய்வார். இவனும் கூடச் சேர்ந்து சிரிப்பான்.

எல்லோரும் அவனை ஸ்பேனர் என்றுதான் கூப்பிடுவார்கள். பிறந்தபோது வைத்த பெயர் அரசாங்கக் காகிதத்தில் மட்டும் பத்திரமாக இருந்தது. பதினேழு வயதிலிருந்து படகு எஞ்சின்களோடு மாரடித்தவன். சத்தத்தை வைத்தே எந்த எஞ்சினுக்கு எங்கே நோவு என்று சொல்லிவிடுவான். கல்யாணம், குழந்தை குட்டி எதுவும் இல்லை. உறவு என்று சொல்லிக்கொள்ள ஒரே ஒரு அக்கா.

நாற்பத்தொரு நாள் நடுக்கடலில் கிடந்து உயிரோடு திரும்பியவன் என்பதால் ஊரே அவனை வேடிக்கை பார்த்தது. தனியாகக் கரை ஒதுங்கியவன் கதை என்றால் நமக்கு வாயில் ஈ போவது கூடத் தெரியாது. என்ன தின்றான், எப்படித் தூங்கினான், பைத்தியம் பிடித்ததா என்று அடுக்கடுக்காகக் கேட்போம். அவன் பக்கத்தில் யார் இருந்தது என்று மட்டும் கேட்கத் தோன்றாது. ஸ்பேனர் பக்கத்தில் ஒருவர் இருந்தார். அக்காவின் கணவர், படகுக்குச் சுக்கான் பிடித்தவர். அவர் திரும்பி வரவில்லை. அவர் எப்படிப் போனார் என்பது ஸ்பேனருக்கு மட்டும்தான் தெரியும். அது அக்கா காதுக்குப் போய்விடக் கூடாது என்பதுதான் அவனுடைய ஒரே பயம். அந்தப் பயத்துக்கு முன்னால் கடலெல்லாம் ஒன்றுமே இல்லை.

நடந்தது இதுதான்.

அந்தப் படகில் இரண்டே பேர். முதல் வருஷம் எதற்கெடுத்தாலும் முட்டிக்கொண்டார்கள். வேகத்தைக் குறை என்பார் ஒருவர், கூட்டு என்பான் இன்னொருவன். கடைசியில் மச்சான்தான் ஒரு வழி கண்டுபிடித்தார். எஞ்சின் அறைக்கு மேலே ஒரு மரமூடி உண்டு. மூடிக்கு மேலே மச்சான் சொல்வது, மூடிக்குக் கீழே ஸ்பேனர் சொல்வது. மறுபேச்சு கிடையாது. அதற்குப் பிறகு ஆறு வருஷம் ஒரு சண்டை இல்லை. மற்ற படகுக்காரர்கள் கூட இவர்களைப் பார்த்து இந்த வழக்கத்தைப் பிடித்துக்கொண்டார்கள்.

அன்றைக்குக் காற்று திசை மாறி, நீரோட்டம் படகை வெளிப்பக்கம் இழுத்துக்கொண்டிருந்த நேரத்தில், எஞ்சினைக் குளிர வைக்கும் தண்ணீர்க் குழாய் வெடித்தது. உள்ளே இருந்த தண்ணீர் முழுக்க ஒழுகி, எஞ்சின் கொதித்து நின்றது. ஸ்பேனர் ரப்பர் பட்டையைச் சுற்றிக் கம்பியால் முறுக்கிக் குழாயைக் கட்டினான். இனி உள்ளே தண்ணீர் ஊற்ற வேண்டும்.

"கடல் தண்ணியை ஊத்துடா மாப்ளே. சுத்தி என்ன பஞ்சமா?" என்றார் மச்சான், மூடி வழியாகக் குனிந்து.

"உப்புத் தண்ணி உள்ள போனா அரிச்சுடும் மச்சான். ஆறு மாசத்துல எஞ்சினை எடைக்குத்தான் போடணும்."

"கரைக்குப் போய்ச் சேர்ந்தப்புறம் அரிக்கட்டுமே."

"மூடிக்குக் கீழ யாரு?"

மச்சான் இரண்டு கையையும் தூக்கிவிட்டார். "சரி சாமி. நீதான்."

படகில் குடிதண்ணீர் நாற்பது லிட்டர் இருந்தது. ஸ்பேனர் முதலில் ஒன்பது லிட்டர் ஊற்றினான். எஞ்சின் பிடித்தது. நாலு நிமிஷத்தில் கட்டு பிய்த்துக்கொண்டது. மறுபடி கட்டி, மறுபடி ஒன்பது லிட்டர். இந்தத் தடவை ஏழு நிமிஷம் ஓடிற்று. பிறகு உள்ளே ஏதோ உடைந்த சத்தம். அவனுக்கு அந்தச் சத்தம் தெரியும். பதினெட்டு லிட்டர் நல்ல தண்ணீரும் படகின் அடியில் எண்ணெயோடு கலந்து கறுப்பாக ஆடிக்கொண்டிருந்தது. ரேடியோ பேட்டரி அன்று மாலையே படுத்துவிட்டது.

எஞ்சின்மேல் கொஞ்சம் கூடப் பாசம் இல்லாத ஒரு ஆளாக அவன் இருந்திருந்தால் கடல்நீரைத்தான் ஊற்றியிருப்பான். நல்ல மெக்கானிக்காக இருந்ததுதான் வினையாகப் போயிற்று.

மீதி இருபத்திரண்டு லிட்டர். காலையில் ஆளுக்கு ஒரு டம்ளர், சாயங்காலம் ஒரு டம்ளர், அப்புறம் அரை டம்ளர், அப்புறம் பாட்டில் மூடியால் அளந்து. இருபத்தாறாம் நாள் கேனைக் கவிழ்த்துத் தட்டினார்கள். இருபத்தொன்பதாம் நாள் காலை மச்சான் போனார். உடலைக் கடலில்தான் இறக்க வேண்டியிருந்தது. முப்பத்தோராம் நாள் மழை பெய்தது. தார்ப்பாயில் பிடித்த தண்ணீரில் இரண்டு கேனும் நிரம்பி வழிந்தது. அவன் குடித்தான், குடித்துக்கொண்டே ஓவென்று அழுதான். இரண்டே இரண்டு நாள். அந்தப் பதினெட்டு லிட்டர் இருந்திருந்தால் மச்சான் அந்த மழையில் நனைந்திருப்பார்.

இதில் கொடுமை என்னவென்றால், இருபத்தொன்பது நாளில் மச்சான் அந்தத் தண்ணீரைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. திட்டியிருந்தாலாவது தேவலை. மூடிக்குக் கீழே நடந்தது ஸ்பேனர் பாடு என்று விட்டுவிட்டார் மனுஷன்.

நாற்பத்தோராம் நாள் ஒரு சரக்குக் கப்பல் அவனைத் தூக்கியது. துறைமுக அதிகாரி மேஜைக்கு எதிரே உட்கார வைத்து, இன்னொருவர் எப்படி இறந்தார் என்று கேட்டார். "காய்ச்சல். அஞ்சாவது நாள். தூக்கத்துலயே போயிட்டாரு" என்றான். ஏன் ஐந்து? ஐந்தாம் நாள் கேனில் தண்ணீர் இருந்தது. அன்றைக்கே போனவர் தாகத்தால் போனவர் ஆக மாட்டார். அந்தப் பொய்யை யோசித்து வைத்துக்கொள்ள மழைக்குப் பிறகு அவனுக்குப் பத்து நாள் இருந்தது.

அக்கா செருப்புக் கம்பெனியில் வேலை செய்தாள். அடிப்பாகத்துக்குப் பசை தடவி, ஓரத்துக்குக் கறுப்புச் சாயம் பூசுகிற வேலை. என்ன சோப்புப் போட்டாலும் விரல் நுனிக் கறுப்பு போகாது. தம்பி சொன்னதைக் கேட்டு அழ வேண்டிய மட்டும் அழுதாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு தம்பியைக் கவனிக்க ஆரம்பித்தாள். தினமும் மதிய இடைவேளையில் சாப்பாட்டுத் தூக்கோடு பட்டறைக்கு வந்துவிடுவாள்.

"அவரு பட்ட கஷ்டம் அஞ்சு நாளோட போச்சு. நீதான்டா நாப்பத்தோரு நாள் பட்டிருக்கே. இன்னும் கொஞ்சம் சாப்பிடு."

இதைக் கேட்டுக்கொண்டே சாப்பிட வேண்டும். அவன் சாப்பிட்டான். ஒவ்வொரு கவளத்தையும் தண்ணீர் குடித்து உள்ளே தள்ளுவான்.

எட்டு மாதம் கழித்து எழுத்துக்காரர் ஒருவர் தேடி வந்தார். கண்ணாடி போட்ட, தன்மையாகப் பேசுகிற மனிதர். அவர் வீட்டு அலமாரி முழுக்கத் தனியாக ஒதுங்கியவர்களின் கதைகள். அந்தக் காலத்துப் புத்தகத்தில் தீவு. இந்தக் காலத்துப் புத்தகத்தில் பனிமலை, பாலைவனம், விண்வெளி. இடம் மாறுமே தவிர ஆள் எப்போதும் ஒருத்தன்தான். அவனே சமைப்பான், அவனே பேசிக்கொள்வான், கடைசியில் ஞானம் பெற்றுத் திரும்பி வருவான். ஸ்பேனர் ஒரு ஞானமும் பெறவில்லை. உதடு வெடித்தது, இரண்டு பல் விழுந்தது, அவ்வளவுதான்.

நாலைந்து நாள் கதை கேட்ட பிறகு எழுத்துக்காரர் தயங்கித் தயங்கிச் சொன்னார். "உங்க மச்சான் அஞ்சாவது நாளே இறந்துட்டாரு. மீதி முப்பத்தாறு நாள் நீங்க தனியாத்தான் இருந்தீங்க. முதல்லேர்ந்தே நீங்க ஒருத்தர்னு வச்சுக்கிட்டா கதை இன்னும் கெட்டியா இருக்கும். படிக்கிறவங்களுக்கு ஒரு ஆள், ஒரு கடல். அதான் வேணும்."

ஸ்பேனருக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. படகில் மச்சானே இல்லை என்றால் அவர் எப்படிச் செத்தார் என்று எவன் கேட்கப் போகிறான்?

"உங்க இஷ்டம் சார்" என்றான்.

'ஒற்றை ஆள், நாற்பத்தொரு நாள்' என்று புத்தகம் வந்தது. நன்றாகவே விற்றது. பள்ளிக்கூடத்துக்குக் கூப்பிட்டார்கள், சங்கத்துக்குக் கூப்பிட்டார்கள். கழுத்தில் துண்டைப் போட்டு, "தனியா இருந்தீங்களே, பயமா இல்லையா?" என்று கேட்டார்கள். பயமாகத்தான் இருந்தது என்பான். அது பொய் இல்லை.

அக்கா எழுத்துக் கூட்டிப் படிக்கிறவள். வரிக்குக் கீழே விரலை வைத்து, மெல்ல ஓட்டி, ஒன்பது நாளில் முடித்தாள். பத்தாம் நாள் சாப்பாட்டுத் தூக்கோடு புத்தகத்தையும் எடுத்துக்கொண்டு வந்தாள். பட்டறையில் ஒரு எஞ்சின் பிரித்துப் போடப்பட்டுக் கிடந்தது. அவள் அதன் பக்கத்தில் நின்று கேட்டாள்.

"அவரு எங்கடா இதுல?"

"அது... கதைக்காக அப்படி எழுதியிருக்காங்கக்கா."

"என் புருஷன் கதைக்கு இடைஞ்சலா?"

அவன் கையில் இருந்த எண்ணெயைத் துணியில் துடைத்துக்கொண்டே இருந்தான்.

"இருபத்திரண்டு வருஷம் சுக்கான் பிடிச்ச மனுஷன். நீ ஒருத்தனா படகை ஓட்டிட்டுப் போன மாதிரி எழுதி வச்சிருக்கு. எனக்குப் புதைக்க உடம்பு வரல, எரிக்கவும் வரல. அஞ்சு நாள்னாலும் அந்தப் படகுல இருந்தாரில்ல? என்ன பேசினாரு, என்ன சாப்பிட்டாரு, அதையாவது போடச் சொல்லு. அந்த அஞ்சு நாளை எனக்குக் குடுத்துடு தம்பி." குரலை உயர்த்தாமல்தான் சொன்னாள். சொல்லிவிட்டு வழக்கம்போலத் தட்டை எடுத்துச் சாப்பாடு வைத்தாள்.

மறுநாளே அவன் எழுத்துக்காரரிடம் போனான். அவர் முகம் சுளிக்கவில்லை. "அடுத்த பதிப்புல சேர்த்துடலாம். அஞ்சு நாள்தானே, ஒரு அத்தியாயம் போதும். அவரைப் பத்திச் சொல்லுங்க" என்று குறிப்பேட்டைத் திறந்தார்.

ஒரு வருஷத்துக்கும் மேலாக மச்சானைப் பற்றி யாரிடமும் பேசாத வாய் அது. திறந்ததும் அணை உடைந்த மாதிரி ஆகிவிட்டது. மச்சான் மீன் முள்ளில் ஊசி செய்தது, தூக்கம் வராமல் இருக்க இவனைச் சீண்டியது, கரைக்குப் போனதும் அக்கா திட்டப் போகும் திட்டை அவள் குரலிலேயே பேசிக் காட்டியது எல்லாம் வந்தது. ஸ்பேனர் சிரித்தான். எழுத்துக்காரரும் சிரித்துக்கொண்டே எழுதினார்.

"ஒரு பறவை வந்து கூரைமேல உக்காந்துச்சு சார். இருபதாம் நாள். மச்சான் படுத்தபடியே கையை நீட்டி லபக்குனு..."

எழுத்துக்காரர் பேனா நின்றது.

"அஞ்சாவது நாள் இறந்தவரு இருபதாம் நாள் எப்படிப் பறவை பிடிச்சாரு?"

தவளை தன் வாயால் கெட்டது. ஸ்பேனர் சுவரைப் பார்த்தான், அலமாரியைப் பார்த்தான், அதில் இருந்த அத்தனை ஒற்றை ஆட்களையும் பார்த்தான். பிறகு குழாய் வெடித்ததில் தொடங்கி மழை வரைக்கும் சொல்லி முடித்தான். ஒரு எஞ்சின் ஏன் கெட்டது என்று விளக்குவது போலச் சொன்னான்.

எழுத்துக்காரர் குறிப்பேட்டை மூடினார். ஆள் கெட்டவர் இல்லை. "நான் யாருகிட்டேயும் சொல்லப் போறதில்ல. அஞ்சு நாள்னே ஒரு அத்தியாயம் எழுதித் தர்றேன், உங்க அக்கா மனசு ஆறிடும். இல்ல, உண்மையைத்தான் எழுதணும்னா, முதல்ல அவங்களுக்குச் சொல்லிட்டு வாங்க. புத்தகத்துல படிச்சு அவங்க தெரிஞ்சுக்கக் கூடாது."

மூன்று நாள் அவன் தூங்கவில்லை. ஐந்து என்று எழுதினால் அக்கா மிஞ்சுவாள், சாப்பாட்டுத் தூக்கு வரும், 'தம்பி' என்று கூப்பிட ஒரு வாய் இருக்கும். ஆனால் மச்சான் இருபத்தொன்பது நாள் உயிரோடு இருந்தவர். பறவையைப் பிடித்தது இருபதாம் நாள். அக்கா குரலில் பேசிக் காட்டியது பதினாறாம் நாள். ஐந்தோடு நிறுத்தினால் இதெல்லாம் நடக்கவே இல்லை என்று ஆகும். ஒரு தடவை தண்ணீரை ஊற்றிக் கொன்றது போதாதா, பேனாவால் வேறு கொல்ல வேண்டுமா?

ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டுச் சமையலறையில், அடுப்பில் ஏதோ கொதித்துக்கொண்டிருக்கும்போது சொன்னான். அவள் அடுப்பை அணைத்தாள்.

"கடல் தண்ணியை ஊத்தச் சொன்னாரா?"

"சொன்னாரு."

"நீ கேக்கல."

"கேக்கல."

"திட்டினாரா உன்னை?"

"ஒரு வார்த்தை திட்டலக்கா."

அவள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். "கடைசியா என்ன சொன்னாரு?"

இதை மட்டும் அவன் எழுத்துக்காரரிடம் கூடச் சொல்லவில்லை. "நினைவு தப்பிப் போச்சு அவருக்கு. எஞ்சின் சத்தம் கேக்குதுன்னாரு. 'ஓட வச்சிட்டியே மாப்ளே, கெட்டிக்காரன்டா நீ'ன்னாரு."

அப்போதுதான் அவள் அழுதாள். முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு, பக்கத்து வீட்டுக்குக் கேட்காமல் அழுதாள். அவன் எழுந்து கிட்டே போனான். வேண்டாம் என்று கையைக் காட்டினாள். வெகுநேரம் கழித்து முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து நின்றாள்.

"எழுதச் சொல்லு. ஒண்ணு விடாம எழுதச் சொல்லு. இருபத்தொன்பது நாளும் வேணும் எனக்கு."

"சரிக்கா."

"இனிமே சாப்பாடு வராது. நீயும் இந்தப் பக்கம் வராதே."

"சரிக்கா" என்றுதான் அதற்கும் சொன்னான்.

புதுப் பதிப்பு 'இரண்டு பேர்' என்ற தலைப்போடு வந்தது. முதல் பதிப்பைவிடக் குறைவாகத்தான் விற்றது. அப்புறம் யாரும் துண்டு போடக் கூப்பிடவில்லை. படகுக்காரர்கள் பேசுவதைக் குறைத்துக்கொண்டார்கள். மூடிக்கு மேலே, மூடிக்குக் கீழே என்ற வழக்கத்தைச் சத்தமில்லாமல் விட்டுவிட்டார்கள். அக்காவுக்கு ஒரு பிரதி தபாலில் அனுப்பினான். பதில் இல்லை. பட்டறையில் தனியாக உட்கார்ந்து கடைச் சாப்பாட்டைப் பிரித்துத் தின்றான். கடலில் கூட மச்சான் போன பிறகு பன்னிரண்டு நாள்தான் தனி. இங்கே அது வருஷக்கணக்கில் போகும் போலிருந்தது.

ஒரு வருஷம் கழித்து, வெயில் காலத்தில், பட்டறை முதலாளி ஒரு துண்டுச் சீட்டை நீட்டினார். தண்ணீர் மோட்டார் ரிப்பேர், உடனே போக வேண்டும், வேறு ஆள் கையில் இல்லை. சீட்டில் இருந்தது அக்கா வீட்டுக் கதவு எண்.

கதவைத் திறந்தவள் ஒரு கணம் பார்த்தாள். பிறகு ஒதுங்கி வழி விட்டாள். இரண்டு நாளாக வீட்டில் தண்ணீர் ஏறவில்லை. மோட்டார் பின்கட்டில் இருந்தது. போகும் வழியில் அலமாரியில் அந்தப் புத்தகம் படுத்திருந்தது. பக்கங்களின் ஓரம் பாதி வரை கறுத்துப் போயிருந்தது. மீதிப் பாதி கடையில் வாங்கியது போல வெள்ளையாக இருந்தது. செருப்புச் சாயம் படிந்த விரல் எங்கே நின்றது என்று அவன் பிரித்துப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. அறுபத்திரண்டாம் பக்கம். குழாய் வெடிப்பதற்கு முந்தின பக்கம். அதுவரை எஞ்சின் ஓடுகிறது, மச்சான் சுக்கானைப் பிடித்துக்கொண்டு எதையோ சொல்லிச் சிரிக்கிறார். அக்கா அதோடு மூடிவிட்டு மறுபடியும் முதல் பக்கத்துக்குப் போயிருக்கிறாள், எத்தனை தடவையோ.

மோட்டாரில் கண்டென்சர் போயிருந்தது. மாற்றினான். ஆனால் உள்ளே காற்று புகுந்துவிட்டது. மேலே தண்ணீர் ஊற்றி நிரப்பினால்தான் இழுக்கும்.

"மோட்டாருக்குள்ள ஊத்தக் கொஞ்சம் தண்ணி வேணும்" என்றான், முகத்தைப் பார்க்காமல்.

அவள் உள்ளே போய் ஒரு குடத்தைத் தூக்கி வந்து வைத்தாள். அடியில் கால் பங்கு தண்ணீர், தெளிவாக. "இதுதான் இருக்கு."

அவன் குடத்துக்குள் பார்த்தான். கை நீளவில்லை.

"இது குடிக்கிற தண்ணி. இது வேணாம். துணி அலசின தண்ணி, பாத்திரம் கழுவின தண்ணி, எதுவா இருந்தாலும் போதும். அழுக்கா இருந்தாலும் மோட்டாருக்கு ஒண்ணும் ஆகாது."

அக்கா குனிந்து குடத்தை எடுத்தாள்.

"இப்போ தெரியுதாடா?" என்றாள்.

அவன் தலையை ஆட்டினான். அவள் குடத்தோடு உள்ளே போய், ஒரு வாளியில் நுரை கலந்த தண்ணீரைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள். அவன் ஊற்றினான். சுவிட்சைப் போட்டதும் மோட்டார் பிடித்துக்கொண்டது. மேல் தொட்டியில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. சமையலறையில் குழாய் திறந்து பாத்திரங்கள் ஒவ்வொன்றாக நிறைந்தன. வெயிலில் அவனுக்கு நாக்கு வறண்டிருந்தது. ஒரு டம்ளர் தண்ணீர் கேட்கலாமா என்று கொஞ்ச நேரம் நின்றான். கேட்கவில்லை. சாமான் பையை எடுத்துக்கொண்டு வாசல் கதவைச் சாத்திவிட்டு இறங்கிப் போனான்.